நாலாவது மாடியில் தொடுவானம்

பண்டமாரான்,
3 மார்ச் 2025

முகுந்தனுக்கு,

நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள்; தூக்கம் கெட்டது எனக்குத்தான். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

மேரு சாலையில் நாம் கட்டுகிற கம்பெனிக்குச் செய்து கொடுத்த அடுக்குமாடி விளம்பரப் படத்தைப் பெரிய பலகையில் பார்த்தேன். கட்டடம் நான் கம்ப்யூட்டரில் உருவாக்கியது. வானம் யாருடையது? நான் அந்த இடத்திலேயே நின்று படம் எடுத்த வானத்தைத் தூக்கிவிட்டு, மலை உச்சியிலிருந்து யாரோ எடுத்ததை ஒட்டியிருக்கிறீர்கள். தரையில் நிற்பவனுக்குத் தொடுவானம் அவன் கண் மட்டத்தில்தான் தெரியும். உங்கள் படத்தில் அது நாலாவது மாடியில் இருக்கிறது. வாசலில் நிற்கும் ஆட்கள் பள்ளத்தில் விழுந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதா? மூலையில் ‘மாதவி ஸ்டூடியோ’ என்று என் பெயர் வேறு. பார்க்கவே பற்றிக்கொண்டு வருகிறது.

மாதவி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
5 மார்ச்

அன்புள்ள மாதவிக்கு,

சாப்பிட்டாயா? ஒரு வானத்துக்காகவா வீட்டை விட்டுப் போவாய்? கட்டுகிற கம்பெனிக்காரர் மலையும் மேகமுமாக வேண்டும் என்றார். அவசரத்தில் கிடைத்ததை ஒட்டினேன். காரில் போகிறவன் தொடுவானத்தையா அளக்கப்போகிறான்? வாசு மச்சானே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வீடு புக் செய்தார். கம்பெனியின் விற்பனை ஆபீசுக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லையே. நீ இல்லாமல் ஸ்டூடியோ வெறிச்சென்று கிடக்கிறது. வந்துவிடு.

உன் முகுந்தன்

பண்டமாரான்,
9 மார்ச்

முகுந்தனுக்கு,

அண்ணன் புக் செய்தது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. வீடு குடிபோகும்போது சொல்லி என்னை அசத்த நினைத்தாராம். இடத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “தங்கச்சி நின்னு பார்த்த இடம் லா, நான் வேற எதுக்குப் போகணும்?” என்றார்.

நேற்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டடத்துக்கு இடப்பக்கம் தொழிற்சாலைப் புகைபோக்கி. காற்று இந்தப் பக்கம்தான் அடிக்கிறது. கண் எரிந்தது. நான் எடுத்த வானத்தில் அது அப்படியே இருந்ததே! அதை மூடத்தானே அந்த மலைகளைக் கொண்டுவந்து, அது மறைகிற உயரம் வரைக்கும் ஏற்றினீர்கள்? நான் ஒரு மடச்சி. தொடுவானத்தை அளந்தேனே தவிர, அதற்கு அடியில் எதைப் புதைத்தீர்கள் என்று பார்க்கவில்லை.

இங்கே லோரிப் புழுதியில் தன் சின்ன மகளுக்கு இழுப்பு வருகிறது என்றுதான் அண்ணன் வேறு வீடே தேடினார். மூச்சுத் திணறிய பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நீங்கள். அண்ணனைக் கூட்டிப்போன அன்று உங்களுக்கு அது ஞாபகம் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

மாதவி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
12 மார்ச்

அன்புள்ள மாதவிக்கு,

இருந்தது.

மச்சான் வருவதற்கு முன்பே படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அங்கே வைத்து உண்மையைச் சொன்னால் அந்தக் கம்பெனி வேலை மொத்தமும் கையை விட்டுப் போயிருக்கும். புகை எல்லா நாளும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புக்கிங்கை ரத்து செய்ய நானே அலைகிறேன். மச்சானிடம் மட்டும், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிவிடு. அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

உன் முகுந்தன்

பண்டமாரான்,
14 மார்ச்

முகுந்தனுக்கு,

நீங்கள் சொல்லச் சொன்ன பொய்யை நான் சொல்ல வேண்டியே வரவில்லை. அண்ணனே சொன்னார். “மாப்ள தெரியாம செஞ்சிருப்பாரு, விடு லா.” உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். உள்ளே சின்னவள் இருமிக்கொண்டிருந்தாள்.

“இல்லண்ணே, தெரிஞ்சேதான் செஞ்சாரு” என்றேன்.

அந்த ஆள் இனி இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றார் அண்ணன். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.

புக்கிங் விஷயத்தை நானும் அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் அந்தப் பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோ கதவிலிருந்தும்.

மாதவி