பங்களாவிலிருந்து கங்காணிக்கு ஒரு கோள்

பங்குனி 6, திங்கள்
காலையிலிருந்து தூறல். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. எனக்கென்ன, நான் என்ஜின் கொட்டகை ஆள். மத்தியானமே நானே கட்டிவரும் ஆம்ப்ளிபயர் பெட்டி முன்னால் உட்கார்ந்தாயிற்று.

வால்வுக்குள் நடப்பதைப் பெட்டி மூடியின் உள்பக்கம் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து வைத்திருக்கிறேன். அடியில் சூடேறும் கம்பி: கூலிகள் குடியிருக்கும் லயம். நடுவில் வலை: கங்காணி. எத்தனை பேரை மேலே விடுவது என்பது அவன் இஷ்டம். உச்சியில் தகடு: துரை பங்களா. இங்கிலீஷ் பெயர் தெரியாது, அது ஒன்று. பார்க்கிறவனுக்குப் புரியவும் கூடாது.

இன்றைய யோசனை: பங்களாவில் சத்தம் கெட்டுப்போனால் கங்காணிக்கு யாராவது கோள் சொன்னால் என்ன? ஸ்பீக்கரிலிருந்து ஒரு கம்பியைப் பின்னால் வலைக்கு இழுத்தேன். பேய் ஊளை.

வீட்டுக்காரி செல்லம்மா: “பத்தாவது லயத்து நாயெல்லாம் பதில் பாடுதுங்க.”

ஸ்பீக்கர் கம்பி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். ஊளை போச்சு, இரைச்சலும் போச்சு! கோளைத் தலைகீழாகச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. அந்தக் கோள் கம்பியையும் மூடியில் வரைந்து பெயர் எழுதினேன். துள்ளிக் குதித்ததில் தலை உத்தரத்தில் இடித்தது.

பங்குனி 8, புதன்
வெயில். ரந்தாவ் டவுன் ஒலிபெருக்கிக் கடை அந்தோணி வந்தான். பக்கத்து எஸ்டேட் திருவிழாவுக்கு அவன் புனல் ஸ்பீக்கர், என் பெட்டி. நான் கோப்பி எடுக்க உள்ளே போன நேரம் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டான். படுபாவி.

பங்குனி 9, வியாழன்
செல்லம்மா ரந்தாவிலிருந்து சீனி, கருவாடு, செய்தி கொண்டுவந்தாள். கடைத்தெருவில் அந்தோணி: “அந்தக் கம்பி ஐடியா நம்மளதுலா. அண்ணன் சும்மா ஆணி அடிச்சாரு.”

ஆணியா! பெட்டி போனாலும் போகட்டும், யோசனை என் பிள்ளை. அதற்கு இவன் எப்படி அப்பன் ஆவான்?

பங்குனி 10, வெள்ளி
சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

திருவிழாவுக்குப் புறப்பட்ட லாரியில் பெட்டி, புனல், நானும் அந்தோணியும். எஸ்டேட் கேட்டில் போலீஸ் சோதனை. வழக்கமாகக் காட்டுக்குள் கடத்துகிற அரிசியைத்தான் தேடுவார்கள். இன்று தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்து, மூடியில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். “லயத்திலிருந்து பங்களாவுக்கு. பங்களாவிலிருந்து கங்காணிக்குக் கோள்.” முகம் மாறிவிட்டது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் துரைமார் பங்களாக்களைச் சுடுகிற காலம்.

“துரை பங்களாவுக்கு வழி போட்டிருக்கீங்களா? யாரு வேலை இது?” அந்தோணி பக்கம் திரும்பினார். “ஏய், நேத்து கடையில நீதான் போட்டேன்னு பீத்திக்கிட்டியே?”

“ஐயோ சார்! மாதா சத்தியமா எனக்குத் தெரியாது! எல்லாம் முனுசாமி அண்ணனோடது. ஒரு கோடுகூட என்னுது இல்ல!”

போலீஸ்காரர் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. ஆனாலும் விடவில்லை. “ஆமாங்க, என்னுதுதான். வெறும் பாட்டுப் பெட்டிங்க.”

“அப்படியா? பேச வை, பாப்போம்.”

வேலி விளக்கிலிருந்து கரண்ட். வால்வு சிவந்தது. மைக்கை அந்தோணியிடம் நீட்டினேன். “தம்பி, இப்ப சொன்னியே, அதையே சொல்லு. சாருக்குத் தெளிவா கேக்கணுமாம்.”

துப்பாக்கியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சொன்னான்.

செல்லம்மா லயத்துக் குழாயடியில் நின்று கேட்டாளாம். ஒவ்வோர் எழுத்தும் கணீர்.