மாப்பிள்ளையின் மேல் அலகு

ஜனவரி 11, ஞாயிறு

ஒன்பது முட்டையில் நான்கு பொரிந்தன. நான்கும் நெட்டைக்கால். வாலும் கறுப்பில்லை, சாம்பல்.

துணி எடுக்க மொட்டைமாடிக்கு வந்த இவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இதுக்கா அஞ்சு வருஷம்?" கேலி இல்லை, அசதி. பஸ் டெப்போவில் வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கிற வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால் தலைக்கு மேலே சேவல். அவர் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை.

"இந்த வருஷம் மட்டும் விடுங்க. கோழிச் சங்கத்துக் கண்காட்சியில வைக்கிற மாதிரி ஒண்ணு வரலைன்னா எல்லாத்தையும் கொடுத்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எழுதி வைக்கிறேன். அப்புறம் நானே மழுப்பக் கூடாது.

ஜனவரி 18, ஞாயிறு

நான் கேட்பது ஒன்றும் வானத்து நட்சத்திரம் இல்லை. ஒரு பேன்டம் கோழி. புறாவை விடக் கொஞ்சம் பெரிசு. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவு குட்டை. உடம்பு சுத்த வெள்ளை. வால் மட்டும் கரிக்கறுப்பு, அது தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆனால் குட்டையோடு குட்டையைச் சேர்த்தால் நாலில் ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும், ஒன்று நெட்டையாகிவிடும். மிச்சத்தில்தான் நிறம், வால், நிற்கிற அழகு எல்லாம் தேட வேண்டும்.

ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட அப்படி எனக்கு வாய்த்தது ஒரே சேவல். மாப்பிள்ளை. இவர் வைத்த பெயர்தான். "வேலைவெட்டி கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு, அதட்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. மாப்பிள்ளையேதான்!"

அவனுக்கு ஏற்ற பெட்டை போன வாரம்தான் கிடைத்தது. அடுத்த மாதம் முட்டை வைக்கும். இந்தத் தடவை வரும். வந்தே தீரும்.

பிப்ரவரி 6, வெள்ளி

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்.

காலையில் நான் பல் செய்யற லேபில் அவசர வேலை, ஒருத்தருக்கு மூணு பல் சேர்ந்த பிரிட்ஜ், பத்து மணிக்குள்ள வேணும்னு டாக்டரம்மா நேத்தே சொல்லியிருந்தாங்க. அந்த ஓட்டத்துல கூண்டுக் கதவுக்குக் கொக்கி போடாம விட்டுட்டேன். காத்து அடிச்சு ஆடிட்டிருந்திருக்கு. மாப்பிள்ளை இடுக்கில மூக்கை விட்டிருக்கான். கதவு அறைஞ்சிருக்கு.

மேல் அலகு பாதி இல்ல. தரையில கிடந்தது, நகத்துண்டு மாதிரி.

ரத்தம் நின்னுடுச்சு. மூலையில் நின்னுட்டு என்னையே பார்க்கறான். கத்தவாவது செய்டா.

பிப்ரவரி 7, சனி

கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். சுற்றிவளைக்கவில்லை. "புண் ஆறிடும். குழைச்ச தீவனத்தை ஆழமான கிண்ணத்துல வெச்சா அள்ளித் தின்னும். ஆனா இதை வெச்சு இனி குஞ்சு எடுக்க முடியாதும்மா."

ஏன் என்று கேட்கத் தேவையில்லை. பெட்டையின் பிடரி இறகைக் கவ்விப் பிடித்தால்தான் சேவல் அதன் மேல் நிற்க முடியும். கவ்வ அலகு வேண்டும்.

சங்கத் தலைவருக்கு ஃபோன் செய்தேன். எல்லோரும் மீசைக்காரர் என்பார்கள். கண்காட்சியில் பதினோரு வருஷமாக அவருடைய கோழிதான் முதல். ஆறு மாதத்துக்கு ஒரு சேவல் இரவல் கேட்டேன். "என் சேவல் என் வீட்டை விட்டு வெளிய போகாதும்மா. அலகு உடைஞ்ச சேவலை விட்டுடுங்க. அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

எனக்கு நிம்மதி வேண்டும் என்று அந்த மீசைக்காரரிடம் யார் சொன்னது?

பிப்ரவரி 15, ஞாயிறு

புதுப் பெட்டை முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை ஏறுகிறான், வழுக்கி விழுகிறான். மறுபடி ஏறுகிறான். பார்க்கச் சகிக்காமல் கீழே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

லேபில் ஒருவருக்கு முன்பல் இரண்டு செய்து கொண்டிருந்தேன். மாவுக்கட்டு அச்சில் மெழுகைச் செதுக்கிக் கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக இல்லாத பல்லைச் செய்து கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். பன்னிரண்டு நாளாக எதற்கு அழுதுகொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 21, சனி

முதல் அலகு. பெட்டையின் அலகைப் பார்த்து மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பல்செட் செய்கிற பொடியும் திரவமும் கலந்து வார்த்தேன். சனிக்கிழமை, கையில் மிச்சமிருந்தது ஈறு நிறப் பொடி மட்டும்தான். விளைவு: ரோஸ் நிற அலகு.

இவர் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்பிள்ளை லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டாரு!" இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு வாரம் ஆயிற்று. அதற்காகவாவது ரோஸ் வாழ்க.

இரண்டு மணி நேரம் தாங்கியது. தண்ணீர் குடித்தான், அலகு கிண்ணத்தில்.

பிப்ரவரி 26, வியாழன்

இரண்டாவது: நிறம் சரி, கனம் அதிகம். தலை கவிழ்ந்தே இருந்தது. ஒரு நாள்தான்.

அதைவிடப் பெரிய கூத்து லேபில். அலமாரியில் காய வைத்திருந்த மாவுக்கட்டு அலகை டாக்டரம்மா கையில் எடுத்துவிட்டார்கள்.

"இது எந்தப் பேஷன்ட்?"

"எனக்கு வேண்டியவங்க, டாக்டர்."

திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "மேல் தாடை இப்படியா இருக்கு? பாவம், எப்படிச் சாப்பிடறாங்க?"

சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். பிறகு சட்டென்று டாக்டராகிவிட்டார்கள். "பல் செய்யறது நீ, ஒட்டறது நான். அதான் உனக்கு விழுது. ஒட்டற இடத்தை முதல்ல சொரசொரப்பா உரசு. சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பல்லுல கம்பி ஒட்டற பசையை எடுத்துக்கோ. அப்புறம், உள்பக்கத்தைக் குடைஞ்சு எடு, கனம் குறையும்."

மார்ச் 1, ஞாயிறு

மூன்றாவது. ஒட்டுவதற்கு இரண்டு கை போதாது. தூங்கி எழுந்தவரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். மாப்பிள்ளையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கோழியைத் தொடுகிறார்.

"இவ்வளவு லேசா இருக்கு! இதுவா அவ்வளவு சத்தம் போடுது?"

உரசினேன், துடைத்தேன், ஒட்டினேன். பசை இறுக நீல விளக்கை நாற்பது விநாடி காட்டச் சொல்லியிருந்தார்கள் டாக்டரம்மா. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். டெப்போ ஆள், ஒரு விநாடி கூடக் குறைய விடமாட்டார்.

இறக்கிவிட்டதும் தலையை உதறினான். விழவில்லை. தரையில் தேய்த்தான். விழவில்லை. ஒரு சோளக் குருணையைக் கொத்தினான் — எடுத்துவிட்டான்! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மார்ச் 3, செவ்வாய்

பிடித்துக்கொண்டான். பிடரியை. விழவில்லை!!

மார்ச் 20, வெள்ளி

பதினோரு முட்டை இன்குபேட்டரில். இன்றிலிருந்து இருபது நாள்.

மார்ச் 27, வெள்ளி

நடுப்பகலில் குளியலறைக் கதவை அடைத்து, விளக்கை அணைத்து, டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். நான்கு வெறும் முட்டை. ஏழில் சிவப்பு நரம்பு, சிலந்தி வலை மாதிரி. ஏழு! வெளியே இவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவசரமாக்கும் என்று திறந்தால், "எத்தனை?" என்கிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

விடிகாலையிலிருந்து ஓடு தட்டும் சத்தம். லேபுக்கு லீவு சொன்னேன். "பிரசவமா? போ போ," என்றார்கள் டாக்டரம்மா.

நான் ஒன்றும் குறித்து வைக்கவில்லை. இவர் தன் டெப்போ நோட்டில் குறித்ததைப் பார்த்து எழுதுகிறேன்: 6.42, 7.15, 9.03, 9.20, 1.50. இரண்டு முட்டை கடைசிவரை அசையவில்லை. நாலில் ஒன்று கணக்கு, தெரிந்ததுதான்.

ஐந்தில் மூன்று குட்டைக்கால்.

ஜூலை 5, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு மூன்றாவது தடவை புது அலகு. அடியில் அலகு வளர வளர ஒட்டியது முன்னால் தள்ளி விழுந்துவிடுகிறது. ஐந்தாறு வாரம்தான் கணக்கு. இப்போது அச்சு கைவசம், அரை மணி வேலை.

குட்டைக்கால் குஞ்சுகளில் ஒரு சேவலுக்கு வால் சாய்ந்துவிட்டது. இன்னொன்றுக்கு முதுகில் கறுப்புப் பொட்டு. மிச்சம் ஒரு பெட்டை. அதைப் பற்றி வேண்டுமென்றே எழுதாமல் இருக்கிறேன். கண் பட்டுவிடும், என் கண்ணே.

அக்டோபர் 18, ஞாயிறு

கை ஓயும்வரை எழுதப் போகிறேன்.

மண்டபத்தில் நூற்று நாற்பது கூண்டு. என் பெட்டைக்கு ஓரத்துக் கூண்டு, மீசைக்காரருடையதற்குப் பக்கத்திலேயே. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

நடுவர் வெளியூர்ப் பெண்மணி. முகத்தில் எதையும் காட்டுகிறவர் இல்லை. என் பெட்டையை எடுத்து, இறக்கையை விரித்து, கால் இடுக்கில் விரலை விட்டு, வாலை நீவி, மேசை மேல் நிறுத்தினார். நின்றது பாருங்கள்! வயிறு தரையைத் தொட, வால் கொடி மாதிரி. நடுவர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"இதை வளர்த்தது யாரு?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்த இவர்தான் சொன்னார், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "என் மனைவி. அப்பன் சேவலுக்கு அலகே அவ செஞ்சதுதான்."

கூட்டம் கூடிவிட்டது. எப்படி, எதில், எத்தனை நாள் தாங்கும் — பதில் சொல்லி மாளவில்லை. முதல் பரிசு. அதற்கு மேலே, மொத்தக் கண்காட்சியிலும் சிறந்த பறவை. இரண்டு கோப்பை, ஒன்றை இவர் பிடித்துக்கொண்டார்.

மீசைக்காரர் கடைசியில்தான் வந்தார். ஒளிக்காமல் சொன்னார், அதற்கு அவரை மெச்ச வேண்டும்: "விட்டுடுங்கன்னு சொன்னேன். தப்பு. எனக்கு ஒரு அடைக்கு முட்டை கிடைக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "வரிசையில நில்லுங்க சார், உங்களுக்கு முன்னாடி ஒன்பது பேர்."

வீட்டுக்கு வரும் வழியில், "அந்தச் சத்தியம்?" என்று கேட்டேன்.

"எந்தச் சத்தியம்? மேல் கூண்டுக்கு வலை பத்தலை, நாளைக்கு வாங்கணும்."

டிசம்பர் 6, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு அலகு மாற்றும் நாள். இவர் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது கேட்கவே வேண்டாம், அவரே உட்கார்ந்துவிடுகிறார். டாக்டரம்மாவும் வந்திருந்தார்கள், பேஷன்டை நேரில் பார்க்க வேண்டுமாம். அவர்களுக்கு இங்கேயே செய்து காட்டலாம் என்று பொடியைக் கலந்து வைத்துவிட்டு, பழையதை நெம்பினேன். சுலபமாக வந்துவிட்டது.

அடியில் அலகு இருந்தது. கொஞ்சம் கோணல், நுனி மழுங்கல். ஆனால் முழுசு. அவனுடையது.

இவர் துண்டைத் தளர்த்தினார். அவன் இறங்கி, இறகை உதறி, தரையில் கிடந்த ஒற்றைக் கம்பு மணியைக் கொத்தி எடுத்தான்.

கலந்து வைத்திருந்தது கிண்ணத்திலேயே இறுகிப்போனது.