சந்தனம் வைத்த கன்ட்ரோலர்

அக். 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை, ஃபேன் போட்டு உலர்த்தினேன். பேக்கரிக்கு லீவு.

மத்தியானம் வழக்கம்போல அப்பனும் மகனும் ஃபுட்பால். பிரபு புனேயில் அவன் ரூமில், இவர் இங்கே டிவி முன்னால். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் "சாப்டியா", "சாப்ட்டேன்" தாண்டாது. காதில் ஹெட்போன், கையில் கன்ட்ரோலர் என்றால் போதும், ஆபீஸ், ஹாஸ்டல் சாப்பாடு, பிடித்த பெண் வரை எல்லாம் வெளியே வரும். எனக்கு இவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்கும். அதிலேயே முழுக்கதையும் பிடித்துவிடுவேன்.

இன்று இவருடைய ஆட்டக்காரன் இடது பக்கமே ஓடினான். பந்து வலது பக்கம், இவன் இடது மூலையில்.

"ஜுரத்துக்கு அப்புறம் அப்படித்தான்டா. கட்டை விரல் சொன்ன பேச்சு கேக்கல" என்றார் பிரபுவிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் வெகுநேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

ஆகஸ்டில் சிக்குன்குன்யா. மூட்டெல்லாம் பிடித்து, டம்ளரைக்கூட நான்தான் வாயில் வைத்தேன். இப்போது சரியாகிவிட்டது, டாக்டரே சொல்லிவிட்டார்.

இது விரல் இல்லை. எனக்குச் சந்தேகம். எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

அக். 6, திங்கள்

சந்தேகம் தீர்ந்தது. இவர் குளிக்கப் போனபோது டிவியைப் போட்டு, கன்ட்ரோலரை மேசையில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் தொடவில்லை. ஆட்டக்காரன் தானாக இடது பக்கம் ஓடினான்.

ஆயுத பூஜை அன்று பேக்கரியில் தராசு, ஓவன், பில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அதே வேகத்தில் வீட்டிலும் ஆரம்பித்தேன். ஸ்கூட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. கடைசியில் கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மீந்தது.

"அதுக்கு மட்டும் வெக்காதே. உள்ள போயிடும்" என்றார் கன்ட்ரோலரைக் காட்டி.

"உங்களுக்கு ரெண்டு மாசமா ஆயுதமே அதுதானே" என்று கேலி பண்ணி, இவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வைத்தேன். இரண்டு குமிழ்த் தலையிலும் தாராளமாக. மேலே குங்குமம் வேறு. மறுநாள் காய்ந்து உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்து, சந்தில் கிடந்ததை ஊசியால் நோண்டினேன். நோண்டியது உள்ளேதான் போயிருக்க வேண்டும்.

சாயங்காலம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். வந்து பார்த்தால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "விரலுக்கு எக்ஸர்சைஸ்" என்றார். சொல்லவில்லை. பீன்ஸ் பொரியல் ருசிக்கவும் இல்லை.

அக். 8, புதன்

வெயில், கொஞ்சம்.

விளையாட்டு விளையாட்டாக இல்லை. வரும் திங்கள் இவர் வேலையில் சேர வேண்டும். வைட்ஃபீல்ட் கம்பெனி வேன், காலையில் ஆளை ஏற்றி மாலையில் இறக்குவது. ராத்திரி சாப்பிடும்போது சொல்கிறார்:

"மல்லிகா, வேன் வேணாம்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன். பன்னெண்டு புள்ளைங்க பின்னாடி உக்காந்திருக்கும். டிவியில இழுக்கற மாதிரி ரோட்டுல லெஃப்ட்ல இழுத்துட்டா?"

"அது வேற, இது வேறங்க."

"விரல் ஒண்ணுதானே."

கேட்டில் உட்காரும் வேலை கேட்கப் போகிறாராம். வருகிற வண்டிக்குச் சீட்டு எழுதுவது. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்.

வண்டியில் உட்கார்ந்தால் போனைத் தொடமாட்டார். அவசரத்துக்குக் கூப்பிட்டாலும் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் எடுப்பார். அதற்காக எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறார். அதுதான் கேட்கப் பிடிக்கவில்லை.

முடிவு பண்ணிவிட்டேன். புது கன்ட்ரோலர். கையில் நன்றாக ஓடினால் பயம் போய்விடும். நானும் தப்பித்தேன். (இரண்டாவதுதான் முதல் காரணம். இங்கே பொய் எதற்கு.)

அக். 9, வியாழன்

சிவாஜிநகர். பஸ் ஸ்டாண்டு பின்னால் மொபைல் கடைச் சந்து. ஒரிஜினல் விலை கேட்டேன், அடுத்த வார்த்தை பேசவில்லை. கடைக்கார பாய் சிரித்துவிட்டு வேறு கம்பெனிப் பெட்டிகளை அடுக்கினார்.

நீலம்: வயர் இல்லை, பார்க்க ஜோர். ஆனால் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், கேம் பெட்டியில் சேராது.
வெள்ளை: சேரும். பட்டன் அமுக்கினால் டக்டக்கென்று சத்தம். அழுக்கும் தெரியும்.
கறுப்பு இரண்டு: வயர் வைத்தது. குமிழுக்கு அடியில் காந்தம்.

"காந்தம் பக்கா சாமான்மா. தேயறதில்ல, தானா ஓடறதில்ல. பழசக் கொண்டாங்களேன், தொறந்து பாக்கறேன்."

எப்படிக் கொண்டுபோவது? நாள் முழுக்க இவர் அதை வைத்துத்தான் பழகுகிறார்.

இரண்டு கறுப்பில் ஒன்றுக்கு அடியில் ஒரு ஓட்டை, இன்னொன்றுக்கு இல்லை. ஓட்டை உள்ளது விலை அதிகம். "இதுல ஓட்டை இல்லம்மா, பரவால்லியா?" என்றார் பாய். ஓட்டை இருந்தால்தானே தூசி போகும்! பட்டது போதாதா. ரொம்பப் புத்திசாலி மாதிரி ஓட்டை இல்லாததையே வாங்கிவந்தேன்.

இவரிடம், பேக்கரியில் தீபாவளிப் பரிசு என்றேன். பேக்கரியில் கேம் கன்ட்ரோலர் பரிசு! நம்பினார். அதற்கும் சேர்த்துக் குற்ற உணர்ச்சி.

அக். 12, ஞாயிறு

மழை. தீபாவளி ஆர்டர் குவிகிறது, அரை நாள்தான் லீவு. ஓடி வந்தேன்.

புதுசில் ஆடினார். ஆட்டக்காரன் நேராக ஓடினான். சொன்ன இடத்தில் நின்றான், திரும்பினான், கோல் போட்டான்! நான் அடுக்களையில் கைதட்டினேன்.

இவர் ஹெட்போன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கறுப்புச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குத்தற ஓட்டை எங்க?"

ஹெட்போன் செருகத்தானா அந்த ஓட்டை.

மகன் குரல் வரவில்லை. இரண்டு பேரும் ஊமை மாதிரி ஆடினார்கள். "போன் போட்டுப் பேசிக்கிட்டே ஆடுங்களேன்" என்றேன்.

"போன்ல என்னத்த பேசறது?"

கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பழசை எடுத்தார். பேச்சு வந்தது, "ஆங், சொல்லுடா" என்று முகமே மாறிவிட்டது. ஆட்டக்காரன் மறுபடி இடது மூலைக்குப் போய்விட்டான்.

ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, பாடம் சொல்கிற குரல்.

"பாத்தியா, டூப்ளிகேட்டுல நேரா ஓடுது, ஒரிஜினல்ல இழுக்குது. அப்போ கோளாறு எங்க? கையில. பவர் ஸ்டியரிங்ல எவன் வேணா ஓட்டுவான். பழைய வண்டியிலதான் டிரைவர் கை தெரியும்."

வாயைத் திறந்தேன். அதற்குள் மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார். "கேட் டியூட்டி கொடி சார். வேன் பேடா" என்று கன்னடத்தில். கேட் வேலை கொடுங்கள், வேன் வேண்டாம். அவ்வளவுதான். மேனேஜர்கூட ஏன் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

நான் பிசைந்த மாவு அப்படியே கிடக்கிறது.

அக். 13, திங்கள்

காலை. சொல்லிவிட்டேன்.

வார்த்தையில் சொல்ல வரவில்லை. டிவியைப் போட்டேன். பழசை மேசையில் வைத்தேன். "கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். ஆட்டக்காரன் தானாக இடது பக்கம் ஓடினான். மூலையில் போய் முட்டிக்கொண்டு, அங்கேயே ஓடிக்கொண்டிருந்தான்.

இவர் டிவியைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"அப்போ என் கை?"

"உங்க கையில ஒண்ணுமில்லங்க. நான்தான் சந்தனம் வெச்சேன். வேணாம்னீங்க, கேக்கல."

கன்ட்ரோலரை எடுத்து மோந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நான் பீன்ஸ் நறுக்கறத பாத்துக்கிட்டே இருந்தியா மல்லிகா?"

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

வெள்ளைச் சட்டையைப் போட்டார். டிபன் வேண்டாம் என்றார். "வேனை வேற ஆளுக்குக் குடுக்கறதுக்குள்ள போய்க் கேக்கறேன். தருவாங்களோ என்னமோ" என்றார் செருப்பைப் பார்த்துக்கொண்டே.

அதே நாள், சாயங்காலம்

பேக்கரியில் இரண்டு பில் தப்பாகப் போட்டேன். ஓனரம்மா முறைத்தார்.

வேன் கிடைத்ததா தெரியவில்லை. கேட்டில் உட்கார்ந்திருந்தால் முதல் மணியிலேயே எடுப்பார்.

ஆபீஸ் விடும் நேரம் பார்த்துப் போன் போட்டேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன்.

எடுக்கவில்லை.

கடவுளே, எடுக்காமலே இருக்கட்டும்.