நேத்ராவுக்கு இரண்டு பேஸ்ட்

மாமா,

நீங்கள் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள், கேப் வந்துவிட்டது. இட்லி குக்கரில் இருக்கிறது. சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன். நேத்ராவுக்குப் பல் தேய்த்தாகிவிட்டது. மறுபடி தேய்க்க வேண்டாம்.

நேற்று அவள்தான் சொன்னாள்: "அப்பா பேஸ்ட்ல ஒரு தடவை. அப்பா போனதும் தாத்தா, அம்மா பேஸ்ட்ல இன்னொரு தடவை." கிருத்திகாவின் அந்த மூலிகை பேஸ்ட்டிலும் அழுக்கு போகும். ஆனால் சொத்தையைத் தடுப்பது என் பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு என்று டாக்டர் சொன்னார். நான் போட்டதை நீங்கள் கழுவிவிடுகிறீர்கள். நாலு வயதில் இரண்டு கடைவாய்ப் பல் சொத்தை, மாமா.

"என் பொண்ணு பார்த்துப் பார்த்து வாங்குனது, மாப்பிள்ளை. அவ செத்துப் போய் எட்டு மாசத்துல அதையும் மாத்திட்டீங்களே" என்றீர்கள். கிருத்திகா வாங்கியதில் ஒரு டியூப் மிச்சம் இருக்கிறது. அதை எறிய மாட்டேன். நான் தேய்த்துக்கொள்கிறேன்.

ஆம்பூருக்கே போய்விடுகிறேன் என்றும் சொன்னீர்கள். நீங்கள் போனால் நான் வேலையை விட வேண்டும். இப்படியே இருந்தால் இவள் பல் போகும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பல் டாக்டர். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் ஆபீசிலிருந்து நேரே வருகிறேன். உங்கள் சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள்.

பரத்

ஒன்று விட்டுப்போனது. அம்மா வரவில்லையா என்று டாக்டர் கேட்பார். போன முறை, வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். நேத்ரா என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை உண்மையை நீங்கள் சொல்லுங்கள்.