அங்கே தங்கிய மூன்று நாள்

அன்புள்ள மகளுக்கு,

சூலக்கரைப் பக்கம் நீ பார்த்துவைத்த முதியோர் குடியிருப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அறையில் நல்ல காற்று வருகிறது. மருத்துவர் தினமும் வருகிறார். உன் அப்பாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

நேற்று மதியம் பரிமாற வந்த பெண் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முருகம்மாள். நம் பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று அவளுடைய மகனும் வேலைக்கு வந்திருந்தான்.

"சாப்பிடுங்கய்யா, ஆறிப்போவும்" என்றாள். அப்பா சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

சாயங்காலம் அவளே அறை வாசலுக்கு வந்து, "நீங்க இங்கனயே இருங்கய்யா. நான் வேற வேலை பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"நீ போகாத தாயி. நாங்க போறோம்" என்றார் அப்பா.

அந்த விபத்து நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அவளிடம் அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

பெட்டியைக் கட்டிவிட்டேன். வேறு இடம் பார்க்க வேண்டாம்.

உன் அம்மா