பச்சை ஒயர் யார் போட்டது?

மார்ச் 3, காலை 9.10

அண்ணா,

இந்த வாரத்தில் ஆறாவது தடவையாக உன் வண்டி நடுரோட்டில் நின்றிருக்கிறது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

நேற்று ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக எனக்கு அழைப்பு. மேம்பாலம் ஏறும்போது ஒரு குழி. அவ்வளவுதான். ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, என்ஜின் மட்டும் பிணம். தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அதற்குள் உள்ளே இருந்த அம்மாளுக்கு மயக்கமே வந்துவிட்டது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கே யாராவது லிஃப்ட் குடுக்கணுமாப்பா? இன்னொரு தடவை லேட்டா வந்தே, வேற வேலை பாத்துக்க."

பிளக், காயில், கண்டென்சர் எல்லாம் புதுசு. பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளியும் சரியாக வைத்துவிட்டேன். ஆனாலும், இறங்கி நின்று உதைத்தால் எடுக்கிறது; ஏறி உட்கார்ந்தால் சில நேரம் செத்துப்போகிறது. மூலைக்கடை மெக்கானிக், "பேய் ஏதாவது ஏறியிருக்கும் சார்" என்கிறான். டிப்ளமோ படித்தவனிடம் பேய்க்கதை!

இந்த வண்டியில் நீ என்ன கைவேலை செய்தாய்? வேறு எதுவும் வேண்டாம், அதை மட்டும் எழுது.

தம்பி

மார்ச் 9
சுரங்க வேலை முகாம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் உறையே சுட்டது. ஏன்டா இவ்வளவு கோபம்? இந்த மலையில் சிக்னல் கிடையாது. அரிசி லாரியோடுதான் தபாலும் வந்துபோகிறது. வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கடிதத்தில் திட்டுதானா?

வண்டிக்கு வயசாகிவிட்டது. தட்டிக்கொடுத்து ஓட்டு. முடியாவிட்டால் பஸ்ஸில் போ. அதைப் பிரித்துப் போட்டு மெனக்கெடாதே.

இன்னொன்று. ஒருவேளை சரியாகிவிட்டாலும் அப்பா காதில் போடாதே. சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்! அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

என்றும் அன்புடன்,
அண்ணன்

மார்ச் 14, மாலை 6

அண்ணா,

கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறொன்று. பரவாயில்லை, நானே கண்டுபிடித்துவிட்டேன்.

பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் வைத்து உதைத்தேன். நீலமாக நல்ல ஸ்பார்க். சீட்டை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு உதைத்தேன். ஒன்றுமில்லை. கையை எடுத்தேன், மறுபடி நீலம். சீட்டைக் கழற்றினால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பச்சை ஒயர்! காயிலிலிருந்து கிளம்பி, சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்த ஒரு சின்ன ஸ்விட்சுக்குப் போகிறது. ஸ்விட்சைப் போட்டால் ஸ்பார்க் முழுக்க இரும்புக்கு இறங்கிவிடும், வண்டி எடுக்காது. அந்த ஒயரின் தோல் உரிந்து, ஆள் உட்காரும்போதெல்லாம் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் பேய்.

இது உன் வேலைதான். ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் ஜாயின்ட் ஆகிவிடுமா? ஈயம் வைத்துப் பற்றவைத்தால் குறைந்தா போய்விடுவாய்? திருடனுக்குப் பயந்து போட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? என் வேலையே போயிருக்கும்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். இப்போது ஒரே உதையில் எடுக்கிறது. அப்பா வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். "பரவால்லடா, படிச்சதுக்கு ஒண்ணாவது உருப்படியா பண்ணிருக்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அதைக்கூட மறைக்கச் சொன்னாயே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?

தம்பி

மார்ச் 19
முகாம்

தம்பி,

இதைப் படித்த உடனே சாவியை வாங்கி ஒளித்துவை. மற்றதைப் பிறகு படி.

அது திருடனுக்குப் போட்ட ஸ்விட்ச் இல்லை. போன வருஷம் நீ ஹாஸ்டலில் இருந்தபோது, அப்பா ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பிவிட்டது. நான் பின்னால் இருந்தேன். எட்டி ஹேண்டிலைப் பிடித்ததால் பிழைத்தோம். வீட்டுக்கு வந்து, "குழியில எறங்கிடுச்சு" என்றார். அடுத்த மாதமும் அதே கதை. டாக்டரிடம் போகலாம் என்றேன், என் முகத்தையே பார்க்கவில்லை. நீங்கள் இனிமேல் ஓட்டாதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லைடா. வண்டியே சொல்லட்டும் என்று ஸ்விட்ச் வைத்தேன். அவரும் உதைத்து உதைத்துச் சலித்து, சனியன் பிடித்த வண்டி என்று கைவிட்டார். இங்கே கிளம்பும்போது நீ ஓட்டுவதற்காக ஸ்விட்சை அணைத்துவைத்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் சொன்னால் அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகக் கத்துவாய். அதனால்தான் சொல்லவில்லை.

அண்ணன்

மார்ச் 24, மதியம் 2
ஆஸ்பத்திரி வராந்தா

அண்ணா,

உன் கடிதம் இன்று வந்தது. அப்பா முந்தாநாள் விழுந்தார். பள்ளிக்கூடச் சுவரில் மோதியிருக்கிறார். தோள் எலும்பு முறிவு, நெற்றியில் தையல். உயிருக்குப் பயமில்லை.

தூக்கிவிட்டவர் எதிர்க்கடை சலவைக்காரர். "தம்பி, உங்கப்பா கீழ கெடக்காரு, வண்டி பாட்டுக்குப் படுத்துக்கிட்டே ஓடுது. நாந்தான் சாவியத் திருப்பினேன்" என்றார். அப்பா கண் விழித்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "வண்டி நின்னுடுச்சுடா. என்னத்தடா சரி பண்ண?"

நிற்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஆமான்னு சொல்லித் தொலையேன்டா. உனக்கு என்ன கொறஞ்சுடும்?"

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் கத்துவேன் என்று பயந்தாயே, கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வேளைச் சோறு யாருக்கும் இறங்கியிருக்காது. அவ்வளவுதானே? அதற்குப் பதிலாக ஒரு நல்ல என்ஜினைக் கெட்டதென்று நம்பவைத்தாய். என் கையாலேயே அதைச் சரிசெய்து அவரிடம் கொடுக்கவைத்தாய்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை டாக்டர் வரும்போது, நினைவு தப்பியதை அப்பா முன்னாலேயே சொல்வேன். உன் கடிதத்தையும் காட்டுவேன்.

2. அம்மா கிள்ளினால் கிள்ளட்டும்.

3. பச்சை ஒயரைத் திரும்பப் போட மாட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கும். கேட்டால் தரமாட்டேன் என்பேன். வண்டி ரிப்பேர் என்று சொல்ல மாட்டேன்.

4. நீ லீவு போட்டு வந்து, அவர் கட்டில் பக்கத்தில் நின்று ஸ்விட்ச் வைத்ததை உன் வாயால் சொல்லும்வரை உனக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

5. அவர் என்னோடு பேச மாட்டார். தெரியும். மூன்று வேளையும் சாப்பாட்டோடு போய், அவர் திட்டுகிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.