ராணி அப்படியே இருக்கிறது என்று சொன்னது

அன்பு மகள் பூச்சிக்கு,

அப்பா எழுதுவது. அந்தக் காட்டு ஆராய்ச்சி முகாமில் நீ சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். ஈரக் காலுறையோடு படுக்காதே, நீ படுப்பாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும். நாலு தாள் கிழித்துவிட்டேன், அந்த வரி மட்டும் எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் நான் உன்னிடம் சொன்னது எதுவும் சரியில்லை. எறும்பைப் பற்றியும் சரியில்லை, அம்மாவைப் பற்றியும் சரியில்லை. எறும்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

நீ குளிர்மலையில் காய்ந்த குச்சிக்குள்ளிருந்து எடுத்துவந்து இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே குடிவைத்தாயே அந்த நூற்றுச் சொச்சம் எறும்புகள், அவற்றுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும், நாலு மாதம் ஃபிரிட்ஜில் ஆறு டிகிரியில் இருக்கட்டும், வாரம் ஒரு முறை பஞ்சை நனைத்தால் போதும் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். முப்பது வருடமாக ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவனுக்கு அது ஒரு வேலையா? கீழ்த்தட்டில் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் மாட்டி, ஆறு என்றால் ஆறிலேயே நிறுத்தினேன். எள்ளளவு எறும்புக்கு இவ்வளவு ஏற்பாடா, எனக்கு ஒரு நாளாவது இப்படிச் செய்திருக்கிறீர்களா என்று அம்மா கிண்டல் செய்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது. அவளுடைய ஊசி மருந்தும் அதே ஃபிரிட்ஜில் மேல்தட்டில்தான் இருந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கடையிலிருந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் எறும்புப் பெட்டி இல்லை. வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் அம்மாவின் போர்வைக்குள் இருந்தது, வெந்நீர்ப் பையை ஒட்டி. திங்கட்கிழமையே எடுத்துவைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் அவளுக்கு எந்நேரமும் குளிர்கிறது பூச்சி, இரண்டு கம்பளி போதவில்லை, ஜன்னலை எல்லாம் துணி வைத்து அடைத்திருக்கிறேன். நான் கத்திவிட்டேன். பொண்ணு படிச்சுப் படிச்சு எழுதி ஒட்டியிருக்கா, உனக்குக் கண்ணில்லையா என்று கேட்டேன். அவள், நீங்க அந்தத் தட்டுல கொஞ்ச நேரம் கையை வெச்சுப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு தெரியும், பாவங்க அதுங்க என்று அழுதாள். நோயாளியிடம் கத்தினேனே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். திரும்ப உள்ளே வைக்கப் போனால் பெட்டியை விட மாட்டேன் என்று மார்போடு பிடித்துக்கொண்டாள். சரி, அவள் கண்ணெதிரே ஏதாவது அசைந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. வெந்நீர்ப் பை சூட்டில் பஞ்சு காய்ந்து போயிருக்கிறது, நானும் பார்க்கவில்லை. தூக்கம் கலைந்ததுகள் தண்ணீர் இல்லாமல் கொத்துக் கொத்தாகச் செத்தன. நான் பஞ்சை நனைத்து, சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்த பிறகு ராணியைத் தவிர மிஞ்சியது முப்பத்தோரு எறும்பு. ராணி நடுவில் இருந்தது, சுற்றி நின்று எல்லாம் நக்கிக்கொண்டிருந்தன. அப்பாடா, ராணி தப்பித்தது என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது, அப்படியே இருக்கு என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தேன். ராணியின் கால்கள் மடங்கிக் கிடந்தன. செத்த பிறகும் அதன் வாசம் போவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை மற்ற எறும்புகள் தெரியாமல் பணிவிடை செய்துகொண்டே இருக்கும் என்று நீ எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அவள் முதலில் கேட்பது அதைத்தான், ராணி எப்படிங்க இருக்கு என்று. அப்படியே இருக்கு என்பேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து எத்தனை முறை கேட்டிருப்பாய், இனிமேல் ஓடாது என்று தெரிந்த ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரர் வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்? அப்படியே இருக்கு சார், பார்த்துட்டிருக்கேன். அதே சொல்தான். மூன்று ஞாயிறு உன்னிடமும் சொன்னேன், உனக்கும் பிடிபடவில்லை. அம்மா தூங்குகிறாள் என்று சொன்னேனே, அந்த மூன்று ஞாயிறும் அவள் விழித்துக்கொண்டு என் பக்கத்தில்தான் இருந்தாள். குரலைக் கேட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

இப்போது அம்மா விஷயம். புற்றுநோய்க் கட்டி ஈரலுக்குப் போய்விட்டது. இனிமே ஊசி வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுப்போம், வீட்டிலேயே வெச்சுக்கோங்க என்று டாக்டர் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். மாதக் கணக்கு சொல்ல முடியாது, வாரக் கணக்குதான் என்றார். மேல்தட்டு காலியாகிவிட்டது. சித்தி பகலில் வந்து பார்த்துக்கொள்கிறாள், பாதி நாள் கடையைச் சாத்திவிட்டு நானும் இருக்கிறேன். உன் வேலை கெட்டுவிடும், நல்ல வாய்ப்பு போய்விடும், சொல்லவே கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எனக்கும் அது வசதியாக இருந்தது, மறைப்பானேன்.

நேற்று மதியம் அவளுக்குப் பால் கொடுத்துவிட்டு, வழக்கம் போல ராணி அப்படியே இருக்கு என்றேன். அவள் டம்ளரைத் தள்ளிவிட்டு, கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்ற மாதிரி எங்கிட்ட சொல்லாதீங்க, அது செத்து ரொம்ப நாளாச்சு, நீங்க பூதக்கண்ணாடி கொண்டுவர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் என்றாள். தெரிந்தும் ஏன் தினமும் கேட்டாய் என்றேன். நீங்களா என்னிக்காவது உண்மையைச் சொல்றீங்களான்னு பார்த்தேன் என்றாள். பிறகு அவளாகவே, சத்தியம் எல்லாம் வேணாங்க, பொண்ணுக்கு எழுதிடுங்க, எறும்பை மட்டும் எழுதிட்டு நிறுத்திடாதீங்க என்றாள். போனில் சொல்லலாமே என்பாய். வாயைத் திறந்தால் எனக்கு அந்த ஒரே சொல்தான் வருகிறது, பூச்சி. எழுதினால்தான் கை மாற்றி எழுதாமல் இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்கவும் பயமாக இருக்கிறது, வியாழக்கிழமை முகாமுக்கு வருகிற சாமான் வண்டியில் இது உனக்கு வந்துவிடும்.

ராணியை இன்று காலை மற்ற எறும்புகளே இழுத்துக் கொண்டுபோய்க் குப்பை மூலையில் போட்டுவிட்டன. அம்மாவும் பார்த்தாள். மீதி முப்பத்தொன்றையும் திரும்பக் குளிரில் வைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு அவள் பக்கத்திலேயே இருக்கின்றன, பஞ்சை மட்டும் தினமும் நனைக்கிறேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் எழுதிட்டு வரச்சொல்லி எழுதலையே என்றாள். எழுதுகிறேன். வா. சாமான் இறக்குகிற வரை ஒரு மணி நேரம் வண்டி அங்கே நிற்கும் என்று நீதான் சொன்னாய். மூட்டை கட்ட நேரம் போக்காதே, இந்தக் கடிதம் கொண்டுவந்த வண்டியிலேயே ஏறிவிடு.

அம்மாவுக்கும் சேர்த்து,
உன் அப்பா